கைக்குத் தெரிந்த உப்பு

எல்லாருக்கும் வணக்கம். உப்பைப் பற்றி மேடையேறிப் பேச என்ன இருக்கிறது என்று வீட்டிலேயே கேட்டார்கள். முப்பது வருடத்துக்கு மேலாக அடுப்படியில் நிற்கிறவளுக்கு நிறையவே இருக்கிறது. அந்த ஒரு தகுதியில்தான் வந்திருக்கிறேன்.

கல்யாணமாகிப் போன வீட்டில் நான் வைத்த முதல் சாம்பார் உப்புக் கரித்தது. மாமா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாப்பிட்டு எழுந்து இரண்டு செம்பு தண்ணீர் குடித்தார், அவ்வளவுதான். சாயங்காலம் அத்தை என்னைக் கூப்பிட்டு உப்பு டப்பாவைத் திறந்து காட்டினார். பொடி உப்பு. தூத்துக்குடியில் எங்கள் வீட்டில் கல் உப்புதான் புழக்கம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி இருக்கும். பொடியில் அந்த இடத்தையும் உப்பே அடைத்துக்கொள்ளும். நான் அள்ளியது எப்போதும் அள்ளுகிற அதே பிடிதான், சட்டிக்குள் போன உப்புதான் அதிகம். “உன் கை தப்பு பண்ணலை, உப்பு மாறிப்போச்சு” என்றார் அத்தை. அன்றிலிருந்து, சமையல் குறிப்பில் ‘உப்பு ஒரு தேக்கரண்டி’ என்று மட்டும் எழுதுகிறவர்கள் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. எந்த உப்பு என்று சொல்ல வேண்டாமா?

சின்ன வயதில் ஆச்சியோடு உப்பளம் பார்க்கப் போயிருக்கிறேன். சித்திரை வெயில். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், கண்ணைத் திறக்க முடியாத வெளிச்சம். எங்கள் பக்கம் பல அளங்களில் கடல்நீரை விட நிலத்தடி உவர்நீரைத்தான் இறைத்துப் பாய்ச்சுகிறார்கள். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புதான். அது வெயிலில் சுண்டிச் சுண்டி, ஜிப்சம் படிந்த அப்புறம்தான் நாம் சாப்பிடுகிற உப்பு. கடைசியில் மிஞ்சுகிற நீரை வாயில் வைக்க முடியாது, ஒரே கசப்பு. மெக்னீசியம் உப்புகள் அதில்தான் தங்கும். பெண்கள் அந்த வெயிலில் கூடை சுமந்து வரப்பில் நடந்துகொண்டிருந்தார்கள். கால் வெடிப்பில் உப்புத் தண்ணீர் பட்டால் எப்படி எரியும் என்று சமைக்கிற எல்லாருக்கும் தெரியும். எலுமிச்சை ஊறுகாய் கலக்கும்போது விரலில் ஒரு கீறல் இருந்தால் போதுமே!

ஆச்சி உப்பு வாங்கும்போது “பழைய உப்பா இருந்தா போடு” என்பாள். எனக்கு அது வேடிக்கையாக இருக்கும், உப்பில் என்ன பழசு புதுசு? அந்தக் கசப்பு நீர் வடியாத புது உப்பு சீக்கிரம் கசிந்துபோகும், ஊறுகாயும் லேசாகக் கசக்கும். ஆச்சி மெக்னீசியம் என்ற பேரைக் கேட்டதே இல்லை. ஓலைக்கொட்டானில் உப்பைக் கொட்டி, அடியில் ஒரு சட்டி வைத்து, சொட்டச் சொட்ட வடிய விடுவாள்.

மாவடு போடும்போது இந்தக் கல் உப்பின் அருமை தெரியும். வடுவைக் கழுவித் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, ஜாடியில் ஒரு வரிசை வடு, ஒரு பிடி கல் உப்பு என்று அடுக்குவேன். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றுவதில்லை. தினம் ஒரு தடவை ஜாடியைக் குலுக்குவேன். முதல் நாள் கல் கடகடவென்று சத்தம் போடும். நாலாம் நாள் சத்தம் மாறிச் சளசளக்கும். வடுவிலிருந்து தண்ணீரை உப்பு இழுத்துவிட்டது, வடு சுருங்கிவிட்டது. மூடியைத் திறந்து பார்க்கவே வேண்டாம், காதே சொல்லிவிடும். வெங்காயம் வதக்கும்போது ஒரு சிட்டிகை போடுவதும், பாகற்காயைப் பிசறிப் பிழிவதும் இதே வேலைதான்.

கறுப்பு உப்பை எனக்குப் பழக்கியவள் மருமகள். முதலில் டப்பாவைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் என்று மூடிவிட்டேன். கந்தக வாடை அது. பானி பூரித் தண்ணீரில் கலந்தால்தான் அந்த வாடைக்கு அர்த்தம் புரிகிறது. இப்போது கொய்யாப்பழத்துக்கு அது இல்லாமல் முடியாது.

இந்துப்பு வேறு கதை. பாகிஸ்தானில் கேவ்ரா என்ற இடத்து மலைச் சுரங்கத்திலிருந்து வெட்டி எடுப்பது பிரசித்தம். இரும்புச் சத்தின் சாயல்தான் அந்த இளஞ்சிவப்பு. அழகுதான், நானும் வாங்குகிறேன். ஆனால் அதுவும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். சர்வரோக நிவாரணி என்று விலை வைத்தால் என் பர்ஸ் திறக்காது. தினசரிக் குழம்புக்கு அயோடின் கலந்த உப்புதான். அதிலும் ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் வீட்டுக்காரருக்கு ரத்த அழுத்தம் வந்த பிறகு பொரியலுக்கு இறக்கும்போதுதான் உப்புத் தூவுகிறேன். மேலாக ஒட்டி நிற்பதால் குறைவாகப் போட்டாலும் நாக்குக்குத் தெரிகிறது.

உப்பு என்றால் 1930-ஐ விட்டுவிட முடியாது. ராஜாஜி ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு வேதாரண்யத்துக்கு நடந்தார். அவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சை கலெக்டர் உத்தரவு. ஊர் மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். எனக்கு அந்தப் பொட்டலங்களைக் கட்டிய பெண்களைப் பற்றித்தான் யோசனை. உப்பு வரியை எதிர்த்து நடக்கிறவர்களுக்கான சோற்றில், வரி கட்டி வாங்கிய உப்பைத்தானே போட்டிருப்பார்கள்!

சரி, மேசையில் நாலு கிண்ணம் இருக்கிறது: கல், பொடி, கறுப்பு, இந்துப்பு. பக்கத்தில் வெள்ளரிப்பிஞ்சு நறுக்கி வைத்திருக்கிறேன். தொட்டுத் தின்று பாருங்கள். கறுப்பு உப்புக் கிண்ணத்தை முகர்ந்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள். நன்றி.