எல்வினா பாறை ஈமு: அளந்தவர்கள் பலர், கேட்டவர்கள் எத்தனை பேர்?

வணக்கம் நண்பர்களே. சிட்னிக்கு வடக்கே கு-ரிங்-கை சேஸ் தேசியப் பூங்காவில், எல்வினா டிராக் என்கிற காட்டுப் பாதையில் இருக்கிறேன். புதர்க்காட்டுக்குள் நடந்துகொண்டே வந்தால், சட்டென்று காடு விலகி இப்படி ஒரு மொட்டைப் பாறை விரிகிறது.

கேமராவைத் தாழ்த்துகிறேன். இந்தக் கோடு தெரிகிறதா? கழுத்து, முதுகு, வயிறு. ஈமுதான். கால்களைப் பாருங்கள், பின்னால் நீட்டிக்கொண்டு போகின்றன. நிற்கிற ஈமுவுக்கோ ஓடுகிற ஈமுவுக்கோ கால் இப்படி இருக்காது. இதற்கு அப்புறம் வருகிறேன்.

இது ஹாக்ஸ்பரி மணற்கல். இந்தப் பகுதிப் பழங்குடி மக்கள் கெட்டியான கல்முனையால் வரிசையாகச் சின்னச் சின்னக் குழி கொத்துவார்கள், பிறகு குழிக்கும் குழிக்கும் நடுவே தேய்த்துத் தேய்த்து ஒரே பள்ளமாக்குவார்கள். கோலம் மாதிரி, புள்ளி முதலில், கோடு பிறகு. இந்த வளைவில் பாருங்கள், குழியின் வட்ட விளிம்பு இன்னும் மங்கலாக மிச்சமிருக்கிறது. சிட்னியைச் சுற்றி இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள் உண்டு. திமிங்கிலம், சுறா, கங்காரு, கேடயம், பூமராங், வரிசையாகப் போகும் பாதச் சுவடுகள். பாய்மரக் கப்பல்கூட உண்டு. வெள்ளையர்கள் வந்த பிறகும் கொத்துவது நிற்கவில்லை என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆங்கிலேயர்களில் இதையெல்லாம் முதலில் எழுதிவைத்தவர்களில் ஒருவர் ஆளுநர் ஆர்தர் பிலிப். வந்திறங்கிய 1788ஆம் ஆண்டிலேயே லண்டனுக்கு எழுதிய கடிதத்தில், பாறைகளில் மனிதர்கள், கேடயங்கள், மீன்கள் செதுக்கியிருப்பதையும், குன்றின் உச்சியில் ஆடத் தயாராக நிற்கும் ஒரு மனித உருவத்தையும், பெரிய பல்லி ஒன்றையும் பார்த்ததாகச் சொல்கிறார். மறு வருடம் பெரியம்மை. இந்தப் பகுதிப் பழங்குடி மக்களில் பாதிப் பேர் செத்துப்போனதாகப் பிலிப்பே கணக்குச் சொன்னார். கோட்டுக்குப் பின்னால் இருந்த கதை தெரிந்தவர்கள் எத்தனை பேர் அதில் போனார்களோ.

அதனால்தான் கோரா கூஸ்பெரி என்ற பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் இந்த வீடியோவை முடிக்க எனக்கு மனசு வராது. சிட்னியில் எல்லோருக்கும் தெரிந்த பழங்குடித் தலைவர் பங்காரியின் மனைவி. 1840களின் நடுவில் ஜார்ஜ் பிரெஞ்ச் ஆங்கஸ் என்ற ஓவியரும் போலீஸ் கமிஷனர் மைல்ஸும் அவரை சிட்னி துறைமுக வாயிலில் இருக்கும் நார்த் ஹெட் என்ற முனைக்கு அழைத்துப் போய்ப் பாறைச் செதுக்கல்களைக் காட்டச் சொன்னார்கள். அவர் முதலில் மறுத்துவிட்டார். அது கொராஜிகள், அதாவது பூசாரி வைத்தியர்கள், புழங்கும் பூமி, நான் அங்கே போகக் கூடாது என்றார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேசத் தொடங்கி, தன் அப்பா சொல்லக் கேட்டதைச் சொன்னார். ஆங்கஸ் அதைப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார், ஆனால் எவ்வளவு சுருக்கமாக! படிக்கும்போது, 'இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிருக்கக் கூடாதா மனுஷா' என்று எரிச்சல் வருகிறது.

அடுத்து வந்தவர்கள் சர்வேயர்கள். டபிள்யூ. டி. கேம்ப்பெல் நில அளவையாளர். போர்ட் ஜாக்சன் என்கிற சிட்னி துறைமுகத்துக்கும் அதற்கு வடக்கே இருக்கும் புரோக்கன் பே விரிகுடாவுக்கும் இடைப்பட்ட செதுக்கல்களைத் தேடி அலைந்து, அளந்து, அளவுகோலோடு வரைந்து 1899இல் பெரிய தொகுப்பாக வெளியிட்டார். அவர் வரைந்தவற்றில் சில இன்று பாறையில் இல்லை, வீடும் ரோடும் வந்துவிட்டன. அவர் வரைபடத்தில் மட்டும்தான் இருக்கின்றன. ஆர். எச். மேத்யூஸ் என்பவரும் சர்வேயர்தான். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு இந்த ஆராய்ச்சிக்குள் இறங்கி, நூற்றைம்பதுக்கும் மேல் கட்டுரை எழுதித் தள்ளியவர். இருபதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் பிரெடரிக் மெக்கார்த்தி இந்தப் பதிவை இன்னும் விரித்தார்.

அந்தக் காலத்தில் போட்டோவில் விழவேண்டும் என்று பள்ளத்தில் சாக்பீஸ் தேய்த்துவிடுவார்கள். இப்போது அதைச் செய்யவே கூடாது. அதைவிட மோசம் சிட்னியின் கடற்கரைப் பகுதியான பாண்டையில் நடந்தது. கோல்ஃப் மைதானத்துக்குள் இருக்கும் செதுக்கல்கள் மங்குகின்றன என்று 1960களில் நகராட்சியே ஆள் வைத்துப் பள்ளத்தை மறுபடி வெட்டவைத்தது. இன்று அங்கே போனால் கோடு பளிச்சென்று தெரியும். ஆனால் அது யார் போட்ட கோடு?

சிட்னி பல்கலைக்கழகத்தில் ஜான் கிளெக் என்று ஒரு தொல்லியலாளர் இருந்தார். திமிங்கிலம் என்று எழுதும்போது அந்தச் சொல்லுக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறி போட்டுவிடுவார். நம் கண்ணுக்குத் திமிங்கிலம் போல இருக்கிறது, அவ்வளவுதான், செதுக்கியவர் மனதில் என்ன இருந்தது என்று நான் சொல்லவில்லை, என்பதற்கான குறி அது. எனக்கு ரொம்பப் பிடித்த ஆராய்ச்சிக் குறும்பு!

சரி, ஈமுவின் கால். வானில் தெற்குச் சிலுவை என்ற நட்சத்திரக் கூட்டத்துக்குப் பக்கத்தில் கரித்துண்டு மாதிரி ஓர் இருட்டுத் திட்டு உண்டு. அது தலை. அங்கிருந்து பால்வீதியின் இருட்டுப் பட்டைகள் கழுத்தாகவும் உடம்பாகவும் பின்னால் நீட்டிய கால்களாகவும் நீள்கின்றன. இந்த வான ஈமுவை ஆஸ்திரேலியாவின் பல பழங்குடிச் சமூகங்களுக்குத் தெரியும். இலையுதிர்கால மாலையில் அது இந்தப் பாறை ஈமுவுக்கு நேர் மேலே, இதே வாக்கில் வந்து நிற்கிறது என்று வானியலாளர் ரே நாரிஸ் எழுதியிருக்கிறார். ஈமு முட்டையிடும் பருவமும் அதுதான். கால் ஏன் பின்னால் போகிறது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் கேட்டதில்லை. இருந்தாலும் கிளெக்கின் ஆச்சரியக்குறியை இதற்கு முன்னாலும் போட்டுவிடுகிறேன்.

வர நினைப்பவர்களுக்கு: வெஸ்ட் ஹெட் ரோட்டில் வரவேண்டும், பூங்காவுக்குள் காருக்குக் கட்டணம் உண்டு. கோட்டின் மேல் மிதிக்காதீர்கள், தண்ணீர் ஊற்றித் தேய்க்காதீர்கள். காலை சீக்கிரம் அல்லது சாயங்காலம் வாருங்கள், வெயில் சாய்வாக விழுந்தால்தான் பள்ளத்தில் நிழல் கட்டும். உச்சி வெயிலில் வந்துவிட்டு 'வெறும் பாறைதானே' என்று கீழே கமென்ட் போட்டால் நான் பொறுப்பில்லை.