புது டயர் போட்ட அன்றைக்கே மிதிக்காதீர்கள்

[காட்சி: லிஃப்டில் நிற்கும் போர்ஷே 911 காரெரா எஸ். கேமரா பின் டயரை நெருங்குகிறது.]

வணக்கம். இந்தப் பின் டயரைப் பாருங்கள். 305/30, அதாவது 305 மில்லிமீட்டர் அகலம், பக்கச் சுவரின் உயரம் அதில் 30 சதவீதம். 21 அங்குல ரிம். முன்னால் இருப்பது 245/35, 20 அங்குலம். அளவு வேறு என்பதால் முன்னதைப் பின்னால் மாற்றிப் போட்டு ஓட்ட வழியே இல்லை. எஞ்சின் பின் அச்சையும் தாண்டி உட்கார்ந்திருக்கிறது. பின் சக்கரம்தான் வண்டியைத் தள்ளுகிறது. அதனால் பெரும்பாலும் பின் டயர்தான் முதலில் மொட்டையாகும். பலர் அந்த இரண்டை மட்டும் புதிதாகப் போட்டுக்கொண்டு, கடை வாசலைத் தாண்டியதும் ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதிப்பார்கள். காசு கொடுத்து நல்ல டயர் வாங்கியாயிற்று, பிடிக்காமல் எங்கே போகும் என்ற நினைப்பு.

பிடிக்காது. முதல் நாள் பிடிக்காது.

போர்ஷே கையேட்டிலேயே இது இருக்கிறது: புது டயரில் முழுப் பிடிப்பு இருக்காது, முதல் 100 முதல் 200 கிலோமீட்டர் வரை மிதமான வேகத்தில் ஓட்டுங்கள் என்று. அமெரிக்காவின் டயர் ராக் கடைக்காரர்களைக் கேட்டால் 500 மைல், அதாவது 800 கிலோமீட்டர் என்பார்கள். ஏன் இவ்வளவு வித்தியாசம்? பழகவேண்டிய விஷயம் ஒன்றல்ல, மூன்று என்பதால்தான் என்று நினைக்கிறேன். ஒன்று சீக்கிரம் முடியும், இன்னொன்று இழுக்கும்.

[காட்சி: புது டயரின் மேற்பரப்பு மிக நெருக்கத்தில். விளக்கொளியில் பளபளப்பு.]

முதலில் இந்தப் பளபளப்பு. இட்லித் தட்டில் எண்ணெய் தடவாமல் மாவு ஊற்றினால் என்ன ஆகும்? டயரும் அப்படித்தான். கந்தகம் கலந்த ரப்பரைச் சூடான அச்சுக்குள் வைத்து அழுத்தி வேகவைக்கிறார்கள். வெந்தது ஒட்டாமல் வெளியே வர ஒரு வழுக்கும் பொருள் வேண்டும். அதில் கொஞ்சம் மேலேயே தங்கிவிடலாம். அதோடு, ஓசோன் காற்றில் ரப்பர் விரிசல் விடாமலிருக்கச் சேர்க்கும் மெழுகும் ரசாயனமும் உள்ளேயிருந்து கசிந்து மேலே வரும். மேல்தோலும் அச்சைப் போலவே வழவழவென்று இருக்கும். ரோட்டில் உரசி உரசி அது சொரசொரப்பாக வேண்டும். எல்லோரும் பேசுவது இதை மட்டும்தான். எனக்கென்னவோ மற்ற இரண்டும் இதைவிடப் பெரிய விஷயம்.

[காட்சி: டயர் கடை. பிரஷ்ஷால் டயரின் உள்விளிம்பில் சோப்பு தடவும் கை. பிறகு, டயரிலிருந்து ரிம் வரை சாக்பீஸால் ஒரு கோடு.]

டயரை ரிம்மில் ஏற்றும்போது விளிம்பில் சோப்பு தடவுவார்கள். அது காயும்வரை டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் வழுக்கல்தான். டயரை ரிம்மோடு பிடித்து வைத்திருப்பது உராய்வு மட்டுமே, போல்ட் கிடையாது. அந்த நேரத்தில் ஓங்கி மிதித்தால் ரிம் சுற்றும், டயர் கொஞ்சம் பின்தங்கும். இந்தச் சாக்பீஸ் கோட்டைப் பாருங்கள். நேராக வரைந்தது. இப்போது டயரில் இருக்கும் பாதி ஒரு விரல் அகலம் தள்ளிப் போயிருக்கிறது. எடை ஒட்டி பேலன்சிங் செய்ததெல்லாம் வீண். நல்ல வேகத்தில் ஸ்டீயரிங்கோ சீட்டோ நடுங்கும். கடைக்காரர் மேல் கோபம் வரும், ஆனால் தப்பு நம் காலில். சோப்பு காய ஒரு நாளாவது விடுங்கள். டயரைச் சூடாக்கிப் பழக்குகிறேன் என்று நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றிப் புகை கிளப்புகிறவர்களுக்கும் இதுதான் பதில்.

[காட்சி: இரண்டு அழிரப்பர்கள். ஒன்று முழு உயரம், ஒன்று பாதி தேய்ந்தது. விரல் இரண்டையும் பக்கவாட்டில் தள்ளுகிறது.]

அப்புறம் பட்டன், அதாவது டயரின் மேல் பள்ளங்களுக்கு நடுவே நிற்கும் ரப்பர் கட்டிகள். உயரமான அழிரப்பரைப் பக்கவாட்டில் தள்ளினால் வளைகிறது, தேய்ந்தது அசையவில்லை. புது டயரின் பட்டன்கள் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் உயரம். ஸ்டீயரிங் திருப்பியதும் அவை முதலில் வளையும், பிறகுதான் கார் திரும்பும். நேற்றுவரை தேய்ந்த டயரில் கத்தி மாதிரி திரும்பிய கார் இன்றைக்குக் கொழகொழவென்று தெரியும். டயர் மோசம் என்று முடிவு கட்டாதீர்கள். ரேஸ்காரர்கள் சிலர் புது டயரையே சீவி உயரத்தைக் குறைத்துப் போடுவது இதற்காகத்தான். ரோட்டுக்கு அது வேண்டாம். மழைநீரை வெளியே தள்ள அந்த ஆழம் தேவை.

[காட்சி: ஈரமான வளைவு, மேலிருந்து.]

இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். முன்னால் பழைய டயர், மேல்தோல் போய் நன்றாகப் பிடிக்கிறது. பின்னால் புதுசு, வழுக்குகிறது. லேசான தூறல். வளைவுக்குள் கொஞ்சம் வேகமாக நுழைந்துவிட்டோம் என்று பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுக்கிறீர்கள். எடை முன்னால் சாய்கிறது, பின்பக்கம் லேசாகிறது. 911-இல் அந்தப் பின்பக்கத்தில்தான் எஞ்சின். ஒருமுறை வால் வெளியே வீச ஆரம்பித்தால் ஊசல் மாதிரி இழுத்துக்கொண்டு போகும். புது டயர் போட்ட வாரத்தில் பிஎஸ்எம்-ஐ, அதாவது வண்டி சறுக்காமல் பிடிக்கும் போர்ஷேயின் மின்னணு அமைப்பை, அணைக்காதீர்கள் என்பது இதற்காக.

சரி, எப்படித்தான் ஓட்டுவது? பொத்திப் பொத்தி அல்ல. காய்ந்த ரோடு, வழக்கமான வேகம், முன்வண்டிக்கு வழக்கத்தைவிட அதிக இடைவெளி. வளைவுகளில் ஒரே சீராகத் திருப்புங்கள். 200 கிலோமீட்டருக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது மட்டும் பாருங்கள். ஓடிச் சூடானதும் நாலைந்து பிஎஸ்ஐ ஏறுவது இயல்பு. ஏறிவிட்டதே என்று காற்றை இறக்கினால் மறுநாள் காலை குறைவாக இருக்கும்.

குளிர்நாட்டில் ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று. கோடையில் ஓட்டவென்றே செய்த டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே விறைக்கத் தொடங்கும். நவம்பர் மாத ஜெர்மன் காலையில் புதுக் கோடை டயரோடு கிளம்பினால் மேல்தோலும் வழுக்கும், ரப்பரும் கல்.

[காட்சி: 500 கிலோமீட்டர் ஓடிய அதே டயர். நடுப்பகுதி மங்கிய கறுப்பு. விரல் ஓரத்துக்கு நகர்கிறது.]

நடுவில் பளபளப்பு போய் மங்கலாகிவிட்டது. தடவினால் விரல் நிற்கிறது. ஆனால் இந்தத் தோள்பட்டை ஓரத்தைப் பாருங்கள். அச்சின் துளைகளில் புகுந்து வந்த ரப்பர் முடிகள் இன்னும் அப்படியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. இந்த இடம் இதுவரை ரோட்டைத் தொடவே இல்லை.