விரல் கருவியில் 97 காட்டியும் மூச்சை ஏன் எண்ணினார்?

குலசேகரத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வலிப்பு வந்த அவருடைய தந்தைக்கு ஊசி போட்டு, ஆக்சிஜன் முகமூடியும் மாட்டி, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு ஆம்புலன்சில் கொண்டுபோனார்களாம். விரலில் மாட்டிய கருவி 97 என்று காட்டியும், மருத்துவ உதவியாளர் வழியெல்லாம் நெஞ்சையே பார்த்து மூச்சை எண்ணிக்கொண்டு வந்தாராம். மூச்சைத் தானே எண்ணும் கருவி கிடையாதா என்பது கேள்வி.

அந்த உதவியாளர் செய்தது மிகச் சரி. விரலில் மாட்டும் அந்தக் கருவி, அதாவது பல்ஸ் ஆக்சிமீட்டர், இரத்தத்தில் உள்ள ஆக்சிஜனை அளக்கிறதே தவிர, மூச்சை அளப்பதில்லை. வலிப்பை அடக்கும் ஊசி மூச்சையும் மட்டுப்படுத்தக்கூடும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்க வேண்டிய மூச்சு 6 ஆகக் குறைந்தாலும், முகமூடி வழியே ஆக்சிஜன் போய்க்கொண்டிருப்பதால் விரல் கருவி சில நிமிடங்களுக்கு நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் கரியமில வாயு இரத்தத்தில் சேர்ந்துவிடும்.

மூச்சைத் தானாகவே எண்ணும், உடலில் அணியும் கருவிகள் உண்டு. ஈசிஜிக்காக நெஞ்சில் ஒட்டும் வில்லைகள் வழியாகவே, நாம் உணராத அளவு சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தி, நெஞ்சு விரியும்போது மின்தடை மாறுவதை வைத்து மூச்சை எண்ணும் வசதி பல மானிட்டர்களில் இருக்கிறது. நெஞ்சில் கட்டும் பட்டையும், அசைவை உணரும் ஒட்டுப்பட்டையும் இதே வகைதான். இவை பார்ப்பது நெஞ்சின் அசைவை மட்டுமே. தக்கலைச் சாலையில் வண்டி ஒரு குழியில் இறங்கி ஏறினால் அந்தக் குலுக்கலையும் மூச்சாக எண்ணிவிடலாம். அதைவிட ஆபத்து, நாக்கு பின்னால் சரிந்து காற்றுவழி அடைபட்ட பிறகும் நெஞ்சு ஏறி இறங்கும். காற்று உள்ளே போகாமலேயே கருவி "மூச்சு இருக்கிறது" என்று சொல்லும்.

ஆம்புலன்சுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், மூக்கில் வைக்கும் மெல்லிய குழாய் வழியாக வெளிவிடும் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராபியைத்தான் நான் சொல்வேன். ஒவ்வொரு மூச்சுக்கும் திரையில் ஓர் அலை எழும். காற்று வெளியே வராவிட்டால் கோடு படுத்துவிடும். வழக்கமான அளவு 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரசம். முகமூடியின் ஆக்சிஜன் கலந்தால் எண் குறைவாகத் தெரியலாம், ஆனால் அலைகளை எண்ணிக்கொள்ளலாம். குழாய் நழுவினாலும் கோடு படுக்கும் என்பதால், முதலில் நோயாளியைப் பார்த்துவிட்டுத்தான் குழாயைப் பார்க்க வேண்டும்.

கூடப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: குளிருமே என்று போர்வையைக் கழுத்துவரை இழுத்து மூடிவிடாதீர்கள், உதவியாளருக்கு நெஞ்சு தெரிய வேண்டும்.