குதிரையை மாற்றலாமா? ஏர் ரைஃபிளுக்கு டிரிக்கர் வாங்கும் முன்

வணக்கம் மக்களே. மணி காலை ஆறேகால். சோழவந்தான் பக்கம் சித்தப்பாவின் தென்னந்தோப்பில் நிற்கிறேன். பின்னால் தெரிகிற மண்மேடு கிணறு வெட்டியபோது கொட்டியது. அதற்கு முன்னால் தொங்குவது பத்து மீட்டர் அட்டை. இன்னும் ஒரு மணி நேரத்தில் சித்தப்பா மோட்டாரைப் போட்டுவிடுவார், அதற்குள் பேசி முடிக்க வேண்டும்.

போன வீடியோவுக்குப் பிறகு நிறையப் பேர் ஒரே கேள்வி கேட்டிருந்தீர்கள். "அண்ணே, என் ரைஃபிளில் டிரிக்கர் ரொம்ப இறுக்கமாக இருக்கிறது, வேறு டிரிக்கர் வாங்கிப் போடலாமா?" பழைய ஆட்கள் இதைக் குதிரை என்பார்கள். என் தாத்தா கடைசி வரைக்கும் அப்படித்தான் சொன்னார். நல்ல பெயர்தான், முரட்டுக் குதிரையும் உண்டு, சொன்னபடி கேட்கிற குதிரையும் உண்டு.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 4.5 மி.மீ. குழல், 20 ஜூலுக்குள் சக்தி உள்ள ஏர் ரைஃபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. .22 ரிம்ஃபயர், அதாவது வெடிமருந்துத் தோட்டா போடுகிற துப்பாக்கி என்றால் லைசென்ஸ் கட்டாயம். இங்கே நாம் சுடுவது அட்டையை மட்டும்தான். அணில், புறா என்று யாராவது ஆரம்பித்தால் இந்த சேனல் அவர்களுக்கானது இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். மேஜை மேல் இருக்கிற இந்தச் சின்ன டப்பாவைப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஆன்லைனில் வாங்கிய முதல் டிரிக்கர் பிளேடு, அதாவது விரல் படுகிற அந்தத் தகடு. யாரிடம் வாங்கினேன் என்பது வேண்டாம். "வெண்ணெய் போல வழுக்கும்" என்று போட்டிருந்தார்கள், நானும் மயங்கிவிட்டேன். என்னுடையது குழலை ஒடித்து ஏற்றுகிற ஸ்பிரிங் ரைஃபிள். பழைய பிளேடை எடுத்துவிட்டு இதை மாட்டி, திருகைத் திருகித் திருகி, சுடுவதற்கு விரல் கொடுக்க வேண்டிய அழுத்தத்தை 350 கிராமுக்குக் கொண்டுவந்தேன். அவ்வளவு பெருமை எனக்கு. மறுநாள் இதே இடத்தில் குண்டைப் போட்டுக் குழலை மூடுகிறேன், 'டக்' என்று தானாகச் சுட்டுவிட்டது. விரல் டிரிக்கர் பக்கமே இல்லை. குழல் மண்மேட்டைப் பார்த்து இருந்ததால் பிழைத்தோம். சித்தப்பா தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "ஏன்டா, அதுவாவே சுடும்னா நீ எதுக்குடா அங்க நிக்கிற?" என்றார். இன்றைக்கும் வீட்டில் விசேஷம் என்றால் அந்தக் கதை ஓடும்.

என்ன நடந்தது என்றால், உள்ளே ஒரு கொக்கி இருக்கிறது, சியர் என்பார்கள். அழுத்தி வைத்த ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். டிரிக்கரை லேசாக்க நான் திருகிய திருகு, அந்தக் கொக்கி கவ்வுகிற அளவைக் குறைத்துவிட்டது. மயிரிழையில் தொங்கிக்கொண்டிருந்தது, குழல் மூடிய அதிர்ச்சிக்கே நழுவிவிட்டது. எடை குறைந்ததை மட்டும் பார்த்தேன், எதைக் கொடுத்து அதை வாங்கினேன் என்று பார்க்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், கிராமை வைத்து டிரிக்கர் வாங்காதீர்கள். எப்போது விடும் என்பது உங்களுக்கு ஒவ்வொரு முறையும் தெரிய வேண்டும். ஒரு கிலோ டிரிக்கராக இருந்தாலும் அதே இடத்தில், அதே மாதிரி விட்டால் குறி நிற்கும். அரைக் கிலோ டிரிக்கர் இன்றைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி விட்டால் நிற்காது.

இதில் மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கிணற்றில் வாளி இறக்கித் தண்ணீர் சேந்தியவர்களுக்கு உடனே புரியும். கயிற்றை இழுத்தால் முதலில் தொய்வு வரும், கனமே இருக்காது. அப்புறம் ஓர் இடத்தில் வாளியின் கனம் கையில் தெரியும். இரண்டு கட்ட டிரிக்கர் அதுதான். தொய்வை எடுத்து, கனத்தில் நிறுத்தி, குறி பார்த்து, கொஞ்சமே அழுத்தினால் விடும். ஒரு கட்ட டிரிக்கரில் தொய்வே கிடையாது, விரல் வைத்ததும் கனம். இரண்டாவது, அந்தக் கனத்துக்குப் பிறகு டிரிக்கர் நறநறவென்று நகர்கிறதா என்பது. இதை கிரீப் என்பார்கள். மணல் தரையில் அம்மிக்கல்லை இழுக்கிற மாதிரி இருக்கும், எப்போது விடும் என்றே தெரியாது. மூன்றாவது, விட்ட பிறகு விரல் இன்னும் பின்னால் ஓடுகிறதா. இறுக்கி இருக்கும் என்று நினைத்துத் தள்ளிய கதவு லேசாகத் திறந்தால் நாம் முன்னால் விழுவோமே, அந்தக் கதைதான். ஸ்பிரிங் ரைஃபிளில் இது பெரிய வில்லன், ஏனென்றால் பிஸ்டன் ஓடி முடித்துக் குண்டு குழலை விட்டு வெளியே வருவதற்குள் ரைஃபிளே குதித்துவிடும். அந்த நேரத்தில் விரலும் சேர்ந்து அடித்தால் அட்டையில் தெரியும்.

சரி, அளப்பது எப்படி? கேமராவைப் பக்கத்தில் கொண்டுவருகிறேன். இது டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய பெட்டி எடை பார்க்கிற கைத்தராசு. ரைஃபிளை மணல் மூட்டையில் அசையாமல் வைத்திருக்கிறேன். குழல் மண்மேட்டைப் பார்க்கிறது, உள்ளே குண்டு இருக்கிறது. குண்டு இல்லாமல் ஸ்பிரிங் ரைஃபிளைச் சுடக் கூடாது, பிஸ்டன் போய் மோதி சீல் கெட்டுப்போகும். டிரிக்கரின் நடுவளைவில் இந்த நைலான் கயிற்றை மாட்டி, நேராகப் பின்னால், மெல்ல... 1,940. மறுபடி ஏற்றிப் பார்ப்போம்... 1,870. இன்னொரு தடவை... 2,060. இது கம்பெனியில் வந்த பழைய டிரிக்கர். பார்த்தீர்களா, எடையைவிட அந்த 190 கிராம் ஏற்ற இறக்கம்தான் எனக்கு உறுத்துகிறது. ஒன்று, இந்தத் தராசு பத்துப் பத்து கிராமாகத்தான் காட்டும். நமக்கு அது போதும், போட்டிக்குச் சுடுகிற மேட்ச் ரைஃபிளுக்கு உதவாது. அங்கே நூறு கிராமுக்குப் பக்கத்தில் வைத்துச் சுடுகிறார்கள்.

நூறு கிராமா என்று வாயைப் பிளக்க வேண்டாம். பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் டிரிக்கருக்குக் குறைந்தபட்ச எடையே விதியில் கிடையாது. ஏர் பிஸ்டலுக்கு 500 கிராம் இருக்க வேண்டும், பயத்லான் ரைஃபிளுக்கும் 500. ஏர் ரைஃபிள் அட்டையில் பத்தாம் புள்ளி அரை மி.மீ.தான், பேனா முனை வைத்த மாதிரி. அந்த ஆட்கள் கிளப்பில், ஸ்டாண்டில், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்கச் சுடுகிறார்கள். தோப்பில் தம்பி, தங்கச்சி சுற்றி நிற்கும்போது எனக்கு அந்த எடை வேண்டவே வேண்டாம்.

அமெரிக்கா கதையும் இதில் குழப்புகிறது. டெக்சாஸில் இருக்கும் என் மச்சான் ரூகர் கம்பெனியின் 10/22 என்ற .22 ரிம்ஃபயர் ரைஃபிள் வைத்திருக்கிறான், அங்கே அது கடைச்சரக்கு. இரண்டு பின்னைத் தட்டி எடுத்தால் டிரிக்கர் தொகுதி மொத்தமாகக் கழன்று வரும், பிஎக்ஸ் டிரிக்கர் என்று ரூகரே விற்பதை மாட்டினால் சுமார் 1.2 கிலோவில் விடும். டிம்னி மாதிரி டிரிக்கர் செய்கிற வேறு கம்பெனிகளும் இருக்கின்றன. அவன் வீடியோ காலில் காட்டிக்காட்டி என்னை உசுப்பேற்றுவான். நமக்கு அந்த வசதி இல்லை. இங்கே ஸ்பிரிங் ரைஃபிளுக்கு "டிரிக்கர்" என்று விற்பது பெரும்பாலும் வெறும் பிளேடு, உள்ளே இருக்கிற கொக்கி அதே பழைய கொக்கிதான். காமோ கம்பெனி ஏர் ரைஃபிள்களுக்கு ஜிஆர்டி-3 என்று பெயர் பெற்ற ஒன்று உண்டு, அதுவும் பிளேடும் இரண்டு திருகும்தான். பிளேடு என்பதால் மட்டம் என்று சொல்லவில்லை. நெம்புகோல் கணக்கு சரியாக இருந்தால் நன்றாகவே மாறும். ஆனால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குங்கள்.

இப்போது ரைஃபிளில் மாட்டப்போவது இரண்டாவதாக வாங்கியது, உலோகப் பிளேடு. வாங்கும் முன் கேட்ட கேள்விகள் இவைதான். தொய்வுக்கும் கனத்துக்கும் தனித்தனித் திருகு இருக்கிறதா? தவறிச் சுடாமல் தடுக்கிற பூட்டு, அந்த சேஃப்டி, பழையபடி வேலை செய்யுமா? இதற்கு "ஆமாம்" என்று உறுதியாகப் பதில் வராவிட்டால் அங்கேயே விட்டுவிட்டேன். பிளேடின் முகம் தட்டையா, வளைவா என்று மணிக்கணக்காக வாதாடுகிறார்கள். எனக்குத் தட்டை பிடிக்கும், விரல் எங்கே படுகிறது என்று தெரிகிறது, அவ்வளவுதான். வாரண்டி போய்விடும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டிய பிறகு ஒரு சோதனை கட்டாயம். ரைஃபிளை ஏற்றி, குழல் மேட்டைப் பார்த்தபடி, ரப்பர் சுத்தியலால் தோளில் வைக்கிற கட்டையின் பின்பக்கத்தையும் பக்கவாட்டையும் தட்ட வேண்டும். சேஃப்டி போட்டு ஒரு தடவை, எடுத்து ஒரு தடவை. ஒரு தட்டுக்காவது விட்டால் திருகைத் திரும்ப இறுக்கத்தின் பக்கம் கொண்டுபோக வேண்டும். நான் பத்து தட்டு தட்டுகிறேன். முதல் பிளேடுக்கு இதைச் செய்திருந்தால் சித்தப்பாவுக்குக் கதை கிடைத்திருக்காது.

இன்னொன்று, வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத ரைஃபிளுக்கு டிரிக்கர் வாங்காதீர்கள். ஐந்நூறு குண்டு சுடுங்கள், பாதி நறநறப்பு தேய்ந்தே போய்விடும். எனக்கு அப்படிப் போகவில்லை என்பது வேறு விஷயம்.

சரி, மாட்டியாயிற்று, தட்டியாயிற்று. அளந்தால்... 1,080. 1,100. 1,090. இதைத்தான் தேடினேன். எடை பாதிக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது, ஆனால் எனக்குச் சந்தோஷம் அந்த 20 கிராம் வித்தியாசத்தில்.

இரண்டு அட்டையையும் காட்டுகிறேன். இடது பக்கம் நேற்று பழைய டிரிக்கரில் பத்துக் குண்டு, வலது பக்கம் இப்போது சுட்ட பத்துக் குண்டு. வலது பக்கம் கூட்டம் சிறியதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த ஏழும் எட்டும் பாருங்கள், கீழே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அது டிரிக்கர் இல்லை, காலையில் டீ குடிக்காமல் வந்தது. பழைய அட்டையிலும் அதே இடத்தில் அதே இரண்டு ஓட்டை இருக்கிறது.

சித்தப்பா மோட்டாரைப் போட்டுவிட்டார். இனி பேசினால் உங்களுக்கு ஒன்றும் கேட்காது.