புடவைக்கு அடியில் இருந்த எக்ஸ்-ரே

நேயர்களுக்கு வணக்கம். மாம்பலத்தில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கும் நெஞ்சுநோய் டாக்டர் நான். பிள்ளையோடு போய் இருக்க அமெரிக்காவுக்குக் குடியேறும் பெற்றோர், விசாவுக்கான மருத்துவப் பரிசோதனை, அதாவது 'மெடிக்கல்' தேதி நெருங்கினால் என்னிடம் ஒரு நடை வந்துவிட்டுப் போவார்கள். "டாக்டர், ரெண்டு வாரமா ஸ்வீட்டைத் தொடவே இல்லை. பாஸ் ஆயிடுவேனா?" என்று ஒருவர் கேட்டார். பாவம், பாகற்காய்ச் சாறு வேறு குடித்துக்கொண்டிருந்தார். அங்கே முதலில் தேடுவது காசநோயை, நாம் டிபி என்கிறோமே, அதை.

15 வயதிலிருந்து எல்லோருக்கும் மார்பு எக்ஸ்-ரே உண்டு. நம் நாட்டிலிருந்து போகும் 2 முதல் 14 வயதுக் குழந்தைகளுக்கு ரத்தப் பரிசோதனை. பிறந்தபோது பிசிஜி என்ற டிபி தடுப்பூசி போட்டது அதில் குழப்பம் செய்யாது. தோலில் ஊசி போட்டுத் தடிப்பை அளக்கும் பழைய முறையில்தான் அந்தத் தொல்லை.

சென்ற வருடம் அறுபத்தேழு வயது அம்மா ஒருவர் மருமகளோடு வந்தார். விசா நேர்முகம் மும்பையில், மெடிக்கல் சென்னையில். "முன்னாடி டிபி இருந்ததா?" என்றேன். "இல்லை" என்றார். மருமகள் ஆட்டோ பிடிக்க வெளியே போனதும், "சின்ன வயசுல நெஞ்சுச் சளின்னு ஊசி போட்டாங்க டாக்டர்" என்றார். எத்தனை நாள் என்றேன். "ஒரு வருஷம் இருக்கும்." சளிக்கு யாரம்மா ஒரு வருஷம் ஊசி போடுவார்கள்!

மறுநாள் தனியாக வந்தார், கையில் ஒரு பழுப்பு உறை. ட்ரங்குப் பெட்டியில் கூறைப்புடவைக்கு அடியில் இருந்ததாம். பிரித்ததும் ரசகற்பூர வாசனை. ஓரம் சுருண்டுபோன படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வலது நுரையீரலின் உச்சியில் ஆறிப்போன தழும்பு, நார் நாராக. கூடவே மருந்துச் சீட்டு நான்கு.

டிபி வந்து குணமானவர் என்பதற்காக விசாவை மறுப்பதில்லை. கேட்கும்போது மறைத்தால்தான் வம்பு. படம் எப்படியும் காட்டிக்கொடுத்துவிடும். அதற்காக, பழைய படம் இருந்தால் சளிப் பரிசோதனையே கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். இப்படித் தழும்பு தெரிந்தால் மூன்று நாள் காலையில் போய்ச் சளி கொடுத்தாக வேண்டும். அதில் கிருமி வளர்கிறதா என்று பார்த்து முடிக்க எட்டு வாரம்வரை ஆகும். பழைய சீட்டு எதற்கென்றால், என்ன மருந்து, எத்தனை மாதம் என்பது அறிக்கையில் சரியாக ஏறுவதற்கு.

இந்த ஊரில் டிபி என்று சொல்ல ஏன் இத்தனை கூச்சமோ தெரியவில்லை. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆராய்ச்சி மையம்தான், சானடோரியம் என்ற டிபி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாலும் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் குணம் ஒன்றுதான் என்று உலகத்துக்கே காட்டியது. தாம்பரத்தில் ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பெயர் வைத்திருக்கிறோம். வீட்டுக்குள் மட்டும் அது 'நெஞ்சுச் சளி'.

தடுப்பூசிக்கு வருகிறேன். பழைய கார்டு எதுவானாலும் எடுத்துப் போங்கள். இல்லையென்றால் வயதுக்கு ஏற்றதை அங்கேயே போடுவார்கள். பல தவணை ஊசியில் அன்றைக்கு ஒரு தவணை போதும். தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு, பாஸ்போர்ட், நேர்முகக் கடிதம் இவையும் பையில் இருக்கட்டும். ஒட்டிய கவர் ஒன்றைக் கையில் கொடுத்தால் தயவுசெய்து பிரிக்காதீர்கள். பிரித்துப் படித்துவிட்டு ஃபெவிகால் போட்டு ஒட்டிக்கொண்டு வந்த ஒரு மாமாவை எனக்குத் தெரியும்.

இன்னொன்று. மெடிக்கல் சாதாரணமாக ஆறு மாதம்தான் செல்லும். இந்த அம்மா போல் தழும்பு உள்ளவர்களுக்குச் சளி முடிவு வந்த நாளிலிருந்து மூன்றே மாதம். ஆகவே ரொம்ப முன்னாலேயே போய் முடித்துவிட வேண்டாம். விசா கைக்கு வருமுன் டிக்கெட்டும் எடுக்க வேண்டாம், வீட்டையும் காலி செய்ய வேண்டாம்.

அந்த அம்மா மூன்று நாளும் விடியற்காலையில் ஆட்டோவில் போனார். முதல் நாள் தனியாக. இரண்டாம் நாள் மருமகள் தானே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய்விட்டாளாம். சளியில் கிருமி இல்லை. விசா வந்ததும் மைசூர்பாகோடு வந்தார்கள். "ஏன் அத்தை, டிபின்னு சொல்லிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்?" என்று மருமகள் என் எதிரிலேயே கேட்டாள். அம்மா பதில் சொல்லவில்லை. "படத்தைப் பெட்டியில போட்டா மடங்கிடும்டி, கைப்பையிலயே வெச்சுக்கறேன்" என்றார்.