நோயின் பெயர் தெரிவதற்கு முன்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மருத்துவக் கல்லூரிகளோடு இணைந்த பெரிய மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர்கள் எதில் வல்லவர்கள், அந்த வல்லமை அவர்களுக்கு எப்படி வாய்க்கிறது, அத்துறையை வாழ்நாள் தொழிலாக ஏற்பவர்களின் பாதை எப்படி அமைகிறது என்ற மூன்றையும் குறித்துப் பேசுமாறு நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். பல ஆண்டுகளாக இத்துறையில் மாணவர்களுக்குக் கற்பித்து வருபவன் என்ற முறையில் எனக்கு இதைவிட விருப்பமான பொருள் வேறு இல்லை. அதனாலேயே நேரத்தை மீறிவிடுவேனோ என்ற அச்சமும் இருக்கிறது.

அவசர சிகிச்சை மருத்துவர் என்றதும் பெரும்பாலோர் மனத்தில் எழுவது வேகம். ஓடிவருகிறார், ஊசி போடுகிறார், மார்பை அழுத்துகிறார், அடுத்த கட்டிலுக்கு விரைகிறார். வேகம் தேவைதான், ஆனால் வேகமாகச் செய்வதை ஓரிரு ஆண்டுகளில் யாரும் பழகிக்கொள்ளலாம். பழகுவதற்குக் கடினமானது, நோய் இன்னதென்று தெரிவதற்கு முன்பே முடிவெடுப்பது. இதய மருத்துவரிடம் அனுப்பப்படுபவர் பெரும்பாலும் இதய நோயாளி என்று ஓரளவு தெரிந்தே போகிறார். எலும்பு மருத்துவரிடம் போகிறவர் கையில் எக்ஸ்ரே படம் இருக்கிறது. அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் வந்து நிற்பவரிடமோ நோய்க்குப் பெயர் இல்லை. வலி இருக்கிறது, மூச்சுத்திணறல் இருக்கிறது, மயக்கம் இருக்கிறது, அச்சம் இருக்கிறது. அந்த நிலையில், அரைகுறையான தகவல்களை வைத்துக்கொண்டு, இப்போதே என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யாமல் காத்திருக்கலாம் என்று தீர்மானிப்பதே இவர்களுடைய தனித்துறை. இதை இந்த உரையில் இன்னும் ஓரிரு முறை சொல்வேன்; நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இதைத் தனித்துறை என்று உலகம் ஒப்புக்கொண்டு வெகுகாலம் ஆகவில்லை. முன்பெல்லாம் பெரிய மருத்துவமனைகளிலேயே விபத்துப் பிரிவைக் கவனித்தவர்கள் அந்த மருத்துவமனையிலேயே அனுபவம் குறைந்த இளைய மருத்துவர்கள்; அல்லது கண் மருத்துவர், தோல் மருத்துவர் என்ற வேறுபாடு பாராமல் முறைவைத்து அனுப்பப்பட்டவர்கள். மருத்துவமனைக்குள் மிக ஆபத்தான நோயாளி நுழைகிற வாசலில் மிகக் குறைந்த அனுபவமுள்ளவரை நிறுத்திவைத்த அந்த ஏற்பாட்டை எண்ணினால் இன்றும் வியப்பாக இருக்கிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1952-ஆம் ஆண்டு மாரிஸ் எல்லிஸ் என்பவர் விபத்துப் பிரிவுக்கென்றே முழுநேர மூத்த மருத்துவராக அமர்த்தப்பட்டார். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் அலெக்சாண்டிரியா என்ற ஊரில், 1961-இல், ஜேம்ஸ் மில்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய தோழர்கள் மூவரும் தத்தம் சொந்த மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு, அங்குள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவை இரவும் பகலும் தாங்களே பார்த்துக்கொள்வதென்று இறங்கினார்கள். 1970-இல் அதே நாட்டின் சின்சினாட்டி பல்கலைக்கழகம் இதற்கென ஒரு முதுநிலைப் பயிற்சியைத் தொடங்கியபோது அதில் சேர்ந்த முதல் மாணவர் ஒரே ஒருவர்தான். 1979-இல் அந்நாட்டில் இது தனிச் சிறப்புத் துறையாக ஏற்கப்பட்டது. இந்தியாவில் அந்த ஏற்பு 2009-இல் கிடைத்தது. ஆக, இத்துறையின் முதல் தலைமுறைப் பேராசிரியர்கள் தங்களுக்குக் கற்பிக்க ஆசிரியர் இல்லாமலே கற்றுக்கொண்டவர்கள்.

இனி அவர்களுடைய சிந்தனை முறைக்கு வருகிறேன். நெஞ்சுவலியோடு ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நெஞ்சுவலிக்கு நூறு காரணங்கள் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை தசைப்பிடிப்பு, அமிலச் சுரப்பு போன்ற தீங்கற்றவை. பொதுவாக மருத்துவ மாணவருக்கு, எது மிகுதியாகக் காணப்படுவதோ அதை முதலில் நினை என்று கற்பிக்கிறோம். அவசர சிகிச்சைப் பிரிவில் நுழைந்ததும் அந்தப் பாடத்தைத் தலைகீழாகத் திருப்ப வேண்டியிருக்கிறது. எது மிகுதி என்ற கேள்வி பிறகு வரும். எது கொல்லும் என்ற கேள்வி முதலில் வரும். மாரடைப்பா, நுரையீரல் தமனியில் இரத்தக்கட்டியா, பெருந்தமனியின் சுவர் கிழிந்திருக்கிறதா, நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்து இதயத்தை அழுத்துகிறதா, உணவுக்குழாய் வெடித்திருக்கிறதா என்று ஐந்தையும் மனத்துக்குள் ஒவ்வொன்றாக விலக்கிய பிறகுதான் அமிலச் சுரப்பைப் பற்றி அவர் எண்ணத் தொடங்குவார். நெஞ்சுவலியோடு வந்தவருக்கு வந்த பத்து நிமிடங்களுக்குள் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது நெறி. அந்த முதல் ஈ.சி.ஜி. இயல்பாக இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பாமல் சில மணி நேரம் இருத்தி மறுபடியும் இரத்தப் பரிசோதனை செய்கிறார்களே என்று உறவினர்கள் அலுத்துக்கொள்வது உண்டு. மாரடைப்பின் தொடக்கத்தில் முதல் ஈ.சி.ஜி.யும் முதல் இரத்தப் பரிசோதனையும் இயல்பாகவே இருக்கக்கூடும் என்பதால்தான் அந்தக் காத்திருப்பு.

கேள்வி கேட்பதிலும் இவர்களுக்கென ஒரு தேர்ச்சி உண்டு. ஒரு கையும் காலும் விளங்காமல் ஒருவரை அழைத்து வருகிறார்கள். எப்போது இப்படி ஆனது என்று கேட்டால், காலை ஆறு மணிக்கு என்று மனைவி சொல்கிறார். தேர்ந்த மருத்துவர் அந்த விடையோடு நிற்பதில்லை. கடைசியாக இவர் நன்றாக இருந்ததை எப்போது பார்த்தீர்கள் என்று கேட்கிறார். இரவு பத்து மணிக்குப் படுக்கப் போகும்போது நன்றாக இருந்தார் என்ற விடை வருகிறது. பக்கவாதத்தில், மூளையின் இரத்தக்குழாயை அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கு தொடங்குவது கடைசியாக நலமாக இருந்த நேரத்திலிருந்துதான். இரண்டு கேள்விகளும் ஒன்றுபோலவே தோன்றினாலும் இடையில் எட்டு மணி நேர வேறுபாடு இருக்கிறது. கூடவே விரல்நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சர்க்கரையைப் பார்த்துவிடுவார். சர்க்கரை மிகவும் இறங்கியவரும் பக்கவாதக்காரரைப் போலவே தோற்றமளிப்பதுண்டு.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த கதையைச் சொல்லப் போகிறேன். என் மாணவர்கள் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பார்கள். இது கணுக்கால் பற்றிய கதை.

இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் வாழ்நாளில் ஒருமுறையேனும் கால் பிசகாதவர் அரிது. பிசகிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள். 1980-களின் முடிவில் கனடாவின் ஒட்டாவா நகரில், பல்கலைக்கழக மருத்துவமனைகளில் பணியாற்றிய இயன் ஸ்டீல் என்ற அவசர சிகிச்சை மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். கணுக்கால் அடிபட்டு வருகிற எல்லோருக்கும் ஏறத்தாழ எக்ஸ்ரே எடுக்கப்படுகிறது. ஆனால் எலும்பு முறிந்திருப்பது நூற்றில் பதினைந்து பேருக்கும் குறைவாகவே. மற்றவர்கள் வெறும் காலுக்குப் படம் எடுக்க மணிக்கணக்கில் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதை எல்லா மருத்துவர்களும் அறிந்திருந்தார்கள். அறிந்தும், ஒன்றைத் தவறவிட்டால் என்ன செய்வது என்ற அச்சத்தில் படத்தை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டீலும் அவருடைய குழுவினரும் 750 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பதற்கு முன்பே, ஒவ்வொருவரிடமும் 32 கூறுகளைப் பரிசோதித்துக் குறித்துவைத்தார்கள். வீக்கம் எவ்வளவு, நிறம் மாறியிருக்கிறதா, எங்கெங்கே தொட்டால் வலிக்கிறது, ஊன்றி நடக்க முடிகிறதா என்று எல்லாவற்றையும் எழுதினார்கள். ஒரே நோயாளியை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்த்தால் ஒரே முடிவுக்கு வருகிறார்களா என்றுகூடச் சோதித்தார்கள். 1992-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. வீக்கத்தின் அளவு அதில் இடம்பெறவே இல்லை.

உட்கார்ந்து கேட்பவர்கள் சற்றுக் குனிந்து தங்கள் கணுக்காலைத் தொட்டுப் பாருங்கள். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து வீடு சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளுங்கள். உட்பக்கம் ஓர் எலும்பு மேடும், வெளிப்பக்கம் ஓர் எலும்பு மேடும் இருக்கும். அந்த இரண்டு மேடுகளில் எதனுடைய நுனியிலாவது, அல்லது அதிலிருந்து மேல்நோக்கி ஆறு சென்டிமீட்டர் வரை எலும்பின் பின்விளிம்பிலாவது விரலால் அழுத்தும்போது வலித்தால் எக்ஸ்ரே தேவை. அடிபட்ட உடனேயும் சரி, மருத்துவமனையிலும் சரி, நான்கு அடி எடுத்துவைக்க முடியாமற்போனாலும் எக்ஸ்ரே தேவை. நொண்டி நடந்தாலும் நடந்ததாகவே கணக்கு. கணுக்கால் வலியோடு வந்தவரிடம் இவற்றில் ஒன்றும் இல்லாவிட்டால் கணுக்காலுக்குப் படம் வேண்டியதில்லை. பாதத்தின் நடுப்பகுதிக்கும் இதுபோல இரண்டு இடங்கள் உண்டு. அவற்றை வானொலியில் சுட்டிக்காட்ட வழியில்லாததால் விட்டுவிடுகிறேன். நினைவு தெளியாதவருக்கும், மது அருந்தியிருப்பவருக்கும், காலில் உணர்ச்சி மரத்தவருக்கும் இந்த விதி பொருந்தாது. நேயர்கள் இதை வைத்துக்கொண்டு தாங்களே தீர்ப்பு எழுதிவிடாமல், மருத்துவரே தொட்டுப் பார்த்து முடிவு செய்யட்டும் என்று விட்டுவிடுவதே நல்லது.

விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது எக்ஸ்ரே எடுப்பது நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. பிறகு பல நாடுகளில் சோதித்துப் பார்த்ததில், இந்த விதியின்படி படம் வேண்டாம் என்று விடப்பட்டவர்களில் எலும்பு முறிவு இருந்தவர்கள் மிக மிகச் சொற்பம். இதே வழியைப் பின்பற்றி முழங்கால், கழுத்தெலும்பு, தலைக்காயத்துக்கான ஸ்கேன் ஆகியவற்றுக்கும் பின்னாளில் விதிகள் பிறந்தன. இந்தக் கதையை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவசர சிகிச்சையில் வல்லமை என்றால் நெஞ்சைத் திறப்பதும் குழாய் செருகுவதும்தான் என்று பல மாணவர்கள் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். எதைச் செய்ய வேண்டியதில்லை என்பதை ஆதாரத்தோடு சொல்ல முடிவதை நான் அவற்றுக்கு மேலாகவே மதிக்கிறேன். இப்படிப்பட்ட ஆய்வுகள் கற்பிக்கும் மருத்துவமனைகளில் பிறப்பதும் தற்செயல் அன்று. ஏன் எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுக்கிறோம் என்று கேட்க அங்கே மாணவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். விடை தெரியாத ஆசிரியருக்கு இரண்டு வழிகளே உண்டு, அதட்டுவது அல்லது ஆராய்வது.

ஆராய்ந்து கண்டது பின்னர் மாறுவதும் உண்டு. 2001-இல் டெட்ராய்ட் நகரின் அவசரப் பிரிவில் இமானுவேல் ரிவர்ஸ் என்பவர், கிருமித்தொற்று உடல் முழுவதும் பரவிய நோயாளிகளுக்கு முதல் ஆறு மணி நேரத்தில் இரத்த அழுத்தம் போன்றவற்றுக்குக் குறிப்பிட்ட இலக்குகளை வைத்துச் சிகிச்சை செய்தால் இறப்பு வெகுவாகக் குறைகிறது என்று காட்டினார். உலகமே அதைப் பின்பற்றியது. 2014, 2015 ஆண்டுகளில் மூன்று பெரிய ஆய்வுகள், அந்த இலக்குகளை அப்படியே பின்பற்றினாலும் வழக்கமான சிகிச்சை செய்தாலும் விளைவு ஒன்றே என்று காட்டின. இடைப்பட்ட ஆண்டுகளில் வழக்கமான சிகிச்சையே விரைவாகிவிட்டது, நோயை முன்கூட்டியே அடையாளம் காணவும் உடனே மருந்து தொடங்கவும் எல்லோரும் பழகிவிட்டார்கள் என்பது பலர் தரும் விளக்கம். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

இந்த வல்லமையை எப்படிக் கற்பிப்பது? நோயாளி காத்திருக்க மாட்டார். பாடத்துக்காக நோயை நிறுத்திவைக்கவும் முடியாது. மூத்த மருத்துவர் கட்டிலின் கால்மாட்டில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, இளையவர் செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். அவர் சும்மா நிற்பதாகத் தோன்றும். தானே செய்தால் அரை நிமிடத்தில் முடிகிற வேலையை இளையவர் இரண்டு நிமிடத்தில் செய்யும்வரை பொறுத்திருப்பதும், மூன்றாவது நிமிடம் ஆபத்தாகிவிடும் என்று தெரிந்த கணத்தில் கைகளை அவிழ்ப்பதும் மிகக் கடினமான பயிற்சி. நான் அறிந்த சிறந்த ஆசிரியர்கள் எல்லோரும் இந்த ஒன்றில் தேர்ந்தவர்கள். அவர்கள் நடுவில் கேட்கிற கேள்வியும் ஒன்றுதான்: நீ நினைப்பது தவறென்றால், வேறு எதுவாக இருக்கும்? முதலில் தோன்றிய முடிவை மனம் பற்றிக்கொண்டு விட மறுப்பது இத்துறையின் பெரிய ஆபத்து. முறைப்பணி மாறும்போது ஒருவர் மற்றவரிடம் நோயாளிகளை ஒப்படைக்கும் நேரத்தில் அது இன்னும் பெரிதாகிறது. இது வெறும் வாயுத்தொல்லைதான் என்று முன்னவர் சொல்லிவிட்டால் பின்னவர் அந்தச் சொல்லையே நோயாக எடுத்துக்கொள்கிறார். ஆகவேதான் ஒப்படைக்கும்போது நோயின் பெயரைவிட, இன்னும் எது தெரியவில்லை என்பதை முதலில் சொல்லுங்கள் என்று மாணவர்களிடம் வற்புறுத்துகிறேன்.

தொழிற்பாதை பற்றிப் பேச நிறைய வைத்திருந்தேன். நேரம் மிகக் குறைவாக இருப்பதாகச் சைகை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். மருத்துவப் பட்டத்துக்குப் பின் முதுநிலைப் பயிற்சி இந்தியாவில் மூன்று ஆண்டுகள், அமெரிக்காவில் மூன்று அல்லது நான்கு ஆண்டுகள், இங்கிலாந்தில் அதைவிடக் கூடுதல். அதன்பின் நச்சியல், குழந்தைகளுக்கான அவசர மருத்துவம், படுக்கையருகே செய்யும் அல்ட்ராசவுண்ட், ஆம்புலன்ஸ் சேவை, பேரிடர் மருத்துவம், தீவிர சிகிச்சை என்று கிளைகள் பிரிகின்றன. கற்பிக்கும் மருத்துவமனையில் நிலைப்பவர்கள் உதவிப் பேராசிரியராகத் தொடங்கி, நோயாளிகளைப் பார்ப்பதோடு ஆய்வு, கற்பித்தல், நிர்வாகம் ஆகியவற்றுள் ஒன்றையாவது சேர்த்துக்கொள்கிறார்கள். ஐம்பது வயதுக்குமேல் இரவுப் பணியை உடல் ஏற்காதபோது அந்த இரண்டாவது வேலைதான் பலரைத் துறையைவிட்டு விலகாமல் காக்கிறது. இரவுப் பணியின் களைப்பு, தூக்கக் கெடுதல், அதற்கு மருத்துவமனைகள் செய்ய வேண்டியவை ஆகியவற்றைத் தனியாகவே ஓர் உரையாகப் பேசலாம். இந்தத் துறையில் சேர எண்ணும் மாணவர்கள் முடிவெடுக்கும் முன் ஒரு பகல் பணியையும் ஓர் இரவுப் பணியையும் முழுமையாக அருகிருந்து பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும் கேட்ட நேயர்களுக்கும் நன்றி, வணக்கம்.