தேயிலைத் தூசும் சிப்புக்குள் ஒரு நுரையீரலும்

வணக்கம். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற பிள்ளைகள் இத்தனை பேரை ஹட்டனில் ஒரே மண்டபத்தில் பார்க்க மனசு நிறைகிறது. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

தேயிலை ஃபெக்டரியில் தூள் சலிக்கிற பகுதிக்குப் போனவர்களுக்குத் தெரியும். சல்லடை ஆடத் தொடங்கியதும் மெல்லிய தூசு எழும்பி புருவம், தலைத்துண்டு, சுவர் எல்லாவற்றிலும் படியும். அதைச் சுவாசித்து வேலை செய்கிறவர்களுக்கு வரும் ஆஸ்துமாவைப் பற்றி இலங்கை மருத்துவர் உரகொட 1970இலேயே எழுதிவிட்டார். அந்த இருமலை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

2010இல் ஹார்வர்டின் வீஸ் நிறுவனத்தில் டொனால்ட் இங்பர், டொங்யுன் ஹூ குழுவினர் நுரையீரலின் ஒரு துணுக்கை சிப் ஒன்றுக்குள் இயங்க வைத்தார்கள். பென்டிரைவ் அளவு, தெளிவான சிலிக்கோன் ரப்பர். உள்ளே ஒரு மில்லிமீற்றரைவிடக் குறுகிய இரண்டு கால்வாய்கள். நடுவே நுண்துளைகள் கொண்ட சவ்வு. மேலே மனித நுரையீரலின் நுண்ணிய காற்றுப்பைகளான சிற்றறைகளின் கலங்கள், காற்றுப் படும்படி. கீழே குருதி மயிர்க்குழாய்க் கலங்கள், திரவம் ஓடும்படி. இரண்டு பக்கமும் வெற்றிடத்தால் விட்டுவிட்டு இழுக்க, சவ்வு மூச்சு விடுவதுபோல விரிந்து சுருங்கும். நுண்ணிய சிலிக்காத் துகள்களை உள்ளே விட்டார்கள். சவ்வு அசையும்போதுதான் அழற்சி கூடியது! தட்டில் சும்மா கிடக்கிற கலத்திடம் இந்தப் பதில் கிடைத்திருக்காது. இந்த ஆய்வில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

அப்புறம் ஈரல், சிறுநீரகம், குடல் சிப்புகளும் வந்தன. புதிய மருந்தை மனிதரில் சோதிக்குமுன் விலங்கில் சோதித்தே ஆக வேண்டும் என்ற சட்டக் கட்டாயத்தை 2022 டிசெம்பரில் அமெரிக்கா நீக்கியது. ஒரு சிப் முழு உடம்பாகிவிடாதுதான். ஆனால், குறிப்பிட்ட ஒரு கேள்வியை மனிதக் கலத்திடமே கேட்க அது போதும்.

2016இல் அதே நிறுவனத்தார் மூச்சுச் சிறுகுழாய்ச் சிப்புக்குள் சிகரெட் புகையைச் செலுத்தினார்கள். சுகதேகிகளின் கலங்களையும், நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களின் கலங்களையும் அதில் வளர்த்து ஒப்பிட்டார்கள். சிகரெட் புகைக்குச் செய்ததைச் சலிப்பறைத் தூசுக்கும் செய்து பார்க்கலாம். அந்தக் கேள்வியை மலையகப் பிள்ளை ஒருவர் பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

அதற்கு முன் நீங்கள் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஃபெக்டரியில் வேலை செய்கிற மாமா, சித்தி, பக்கத்து லயத்து அண்ணன் யாரிடமாவது கேட்டு எழுதுங்கள். எந்தப் பகுதியில் வேலை? இருமல் எந்த நேரத்தில் தொடங்குகிறது? லீவு நாட்களில் குறைகிறதா? வேலையால் வரும் ஆஸ்துமாவைச் சந்தேகிக்க மருத்துவர்கள் முதலில் கேட்பதும் அந்தக் கடைசிக் கேள்வியைத்தான்.